முதுகுத் தாள்

ரேஸ் ஃபார் லைஃப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரும்பாலும் அதன் பிங்க் நிறத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அந்த ஓட்டத்தில் முதுகில் குத்திக்கொள்ளும் ஒரு தாளைப் பற்றி எழுத நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கோடைக்காலத்தில் ஊர் ஊராகப் பூங்காக்களில் நடக்கும் ஓட்டம் இது. தூரம் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர். பேர்தான் ரேஸ். முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது, கடைசியில் வந்தவரை யாரும் ஒண்ணும் சொல்லப்போவதும் இல்லை. ஓடுகிறவர்களைவிட நடக்கிறவர்கள்தான் அதிகம். ஃபன் ரன் என்று இங்கே சொல்லும் வகை. ஓடப்போகிறவர் தெரிந்தவர்களிடம் ஸ்பான்சர் பணம் திரட்டுவார், அது கேன்சர் ரிசர்ச் யூகே என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போகும். இதுவரை ஐம்பது கோடி பவுண்டுக்கு மேல் திரண்டிருக்கிறது. 1994 முதல் 2018 வரை பெண்கள் மட்டுமே ஓட முடியும் என்பது விதி. அந்த விதி இருந்தபோதே, 2017-ல், கிழக்கு லண்டன் பூங்கா ஒன்றில் நானும் ஓடினேன். ஓடினேன் என்றால், முதல் அரை கிலோமீட்டர் ஓடினேன். அப்புறம் எல்லோரையும் போல நடை.

பதிவு செய்தவர்களுக்கு மார்பில் குத்திக்கொள்ள ஓர் எண் சீட்டும், முதுகில் குத்திக்கொள்ள ஒரு தாளும் வரும். முதுகுத் தாளில் மேலே 'நான் ஓடுவது இவருக்காக' என்ற அர்த்தத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். கீழே காலி இடம். அங்கே நீங்கள் எழுதவேண்டும். நான்கு மூலையிலும் சேஃப்டி பின். அவ்வளவுதான்.

நான் வழக்கமாக வாசிப்பது இந்த மாதிரிச் சின்ன எழுத்துகளைத்தான். நடுகல்லில் இருக்கும் மூன்று வரி, நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரம், நம்ம ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே கண் தானாகவே அங்கே போனது. நடக்கும் வேகத்தில் முன்னால் போகிறவரின் முதுகு ஒன்றரை நிமிஷமாவது கண் முன்னால் இருக்கும். சொல்லப்போனால் இந்த நிகழ்ச்சியில் எல்லோரும் எல்லோரையும் வாசித்துக்கொண்டுதான் போகிறார்கள். எழுதியவருக்கு மட்டும் தன் எழுத்து தெரியாது. யார் வாசித்தார்கள் என்பதும் தெரியாது. இப்படி ஒரு வாசக ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னதான் எழுதுகிறார்கள்? முக்கால்வாசித் தாள்களில் உறவுச் சொல்தான். அம்மா, அப்பா, பாட்டி, தங்கை. பெயர் இருந்தாலும் உறவுக்குப் பிறகுதான் வரும். பின்னால் வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குப் பெயர் எதையும் சொல்லாது, உறவு சொல்லிவிடும் என்று எழுதுகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது போல. சிலர் போட்டோ ஒட்டியிருப்பார்கள். சில தாள்களில் பெயர்கள் அடிவரைக்கும் இறங்கி, இடம் போதாமல் ஓரத்தில் சாய்ந்து ஏறியிருக்கும். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றும், எண்ணவும் மனசு வராது. குழந்தையின் கையெழுத்தில் இருப்பவை உண்டு. 'எனக்காக' என்று மட்டும் எழுதியவர்களும் உண்டு. அவர்கள் சிகிச்சை முடித்தவர்கள், அல்லது சிகிச்சையின் நடுவில் இருப்பவர்கள். ஒருவர் எதுவுமே எழுதாமல் வெறும் தாளைக் குத்தியிருந்தார். மறந்துவிட்டாரா, எழுத முடியவில்லையா என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

நம்ம கண்ணீர் அஞ்சலி போஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போஸ்டரில் இறந்தவர் படத்துக்குக் கீழே, பக்கவாட்டில், சிலசமயம் படத்தைவிடப் பெரிதாக, அஞ்சலி செலுத்துகிறவர்களின் பெயரும் படமும் பதவியும் வரிசை கட்டும். துக்கப்படுகிறவர் யார் என்பதே அங்கே சேதி. முதுகுத் தாளில் துக்கப்படுகிறவரின் பெயருக்கு இடமே இல்லை. உடம்புதான் அவர் கையெழுத்து. தாள் அவர் முதுகோடு அசைகிறது, வேர்வையில் நனைகிறது, பாதி வழியில் ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது.

இனி இந்த வகை ஓட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனத்துக்கு வருகிறேன். ஏனென்றால் எனக்கு அதோடு ஒரு வழக்கு இருக்கிறது.

அமெரிக்காவில்தான் அது ஆரம்பித்தது. நான்சி பிரிங்கரின் அக்கா சூசன் கோமென் 1980-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வயது 36. 1982-ல் பிரிங்கர் அக்கா பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு வருஷம் டல்லஸில் முதல் 'ரேஸ் ஃபார் த க்யூர்' நடந்தது, சுமார் 800 பேர். அங்கிருந்து அது பெரிய கம்பெனிகள் பணம் போடும் பெருவிழாவாக வளர்ந்தது. பார்பரா எரன்ரைக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு, 2001 நவம்பரில், ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை இந்த உலகத்தை உள்ளேயிருந்து கிழித்தது. கரடி பொம்மை, பிங்க் ரிப்பன், எப்போதும் சிரிக்கச் சொல்லும் குரல் என்று எல்லாமாகச் சேர்ந்து வளர்ந்த பெண்களைச் சிறுமிகளாக்குகின்றன என்றார். தன் கோபத்தை நோயாளிகளுக்கான ஒரு இணையப் பலகையில் எழுதியபோது, நல்ல கவுன்சலிங் போங்கள் என்று அறிவுரை வந்ததையும் பதிவு செய்திருக்கிறார். 2006-ல் சமந்தா கிங்கின் 'பிங்க் ரிப்பன்ஸ், இன்க்.' வந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட ஒரு நோய் எப்படிக் கம்பெனிகளுக்குப் பிடித்தமான தர்ம காரியமாக மாறியது, அந்த ஓட்டத்தில் கலந்துகொள்வதே நல்ல குடிமகளின் அடையாளமாக எப்படி ஆனது என்று காட்டிய புத்தகம்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2010-ல் கோமென் அமைப்பும் கேஎஃப்சி-யும் கைகோத்து, பிங்க் பக்கெட்டில் பொரித்த கோழி விற்று, பக்கெட்டுக்கு 50 சென்ட் கொடுத்த கதையைப் படித்தால் எரன்ரைக்கின் கோபம் கொஞ்சம்தான் என்று தோன்றும். அவர்களுக்கும் முன்னால், 1980-லேயே, ஆட்ரி லார்ட் 'த கேன்சர் ஜர்னல்ஸ்' எழுதிவிட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு செயற்கை மார்பு வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போனவரிடம், இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனநிலை கெட்டுப்போகும் என்ற அர்த்தத்தில் நர்ஸ் சொன்ன சம்பவம் அதில் வருகிறது. இழந்தது வெளியே தெரியக் கூடாது. பிங்க் உலகத்தின் முதல் சட்டத்தை அந்த நிறம் வருவதற்கு முன்னாலேயே லார்ட் கண்டுவிட்டார்.

ரிப்பன் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண் வீட்டில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து வினியோகித்தார். ஒவ்வொரு ஐந்து ரிப்பனோடும் ஓர் அட்டை. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டுப் பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் வெறும் 5 சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது, அரசை எழுப்ப இந்த ரிப்பனை அணியுங்கள் என்பது அட்டையின் சாரம். 'செல்ஃப்' பத்திரிகை அவரோடு சேர்ந்து செய்யக் கேட்டது. வியாபாரம் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். வக்கீலைக் கேட்டார்கள், வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 1992-ல் எஸ்தே லாடர் கடைகளில் பிங்க் ரிப்பன் வந்தது. இந்தக் கதையை நிறம் மாறிய கதையாகத்தான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது அட்டை காணாமல் போனதுதான். ஹேலியின் ரிப்பன் ஒரு வாக்கியத்தைக் கட்டித் தூக்கி வந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு தொகை இருந்தது, ஒரு கேள்வி இருந்தது, பதில் சொல்லவேண்டிய ஆள் இருந்தார். பிங்க் ரிப்பனில் ரிப்பன் மட்டும் இருந்தது.

என் வழக்கு இங்கேதான். பிங்க் விமர்சனம் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு விளம்பரம் ஆகிறது, மேடையிலிருந்து என்ன சொல்கிறார்கள் என்பதைக் கூர்மையாகப் பார்க்கிறது. ஓடுகிற பெண்கள் எழுதுவதற்கு அது கொடுக்கும் எடை குறைவு. கிங் அதைப் பார்க்கவேயில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் வாதத்தின் பாரம் அங்கே விழவில்லை என்கிறேன். பூங்காவில் நின்று பார்த்தால் இரண்டு பிரதிகள் ஒன்றுக்கொன்று எதிராக நடந்துகொண்டிருக்கின்றன. ஒலிபெருக்கியில் வருவது போர்ப் பிரதி. புற்றுநோயை அடிப்போம், ஒழிப்போம், ஜெயிப்போம் என்று அதற்கேற்ற பாட்டோடு கத்துகிறது. முதுகுகளில் இருப்பது வேறு பிரதி. அம்மா போய்விட்டார், தம்பி போய்விட்டான், பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டார் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறது. மேடை சிரிக்கச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம், கையைத் தூக்கி ஆடினோம், ஆனால் எங்கள் முதுகு அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. எரன்ரைக் தேடிய, பிங்க் உலகத்தில் கிடைக்காது என்று கைவிட்ட அந்தத் துக்கப் பேச்சு அங்கேயே இருந்தது. எழுத்தில், ஊக்குக் குத்தி.

அமெரிக்க விமர்சனத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோமென் ஓட்டம் மார்பகப் புற்றுநோய்க்கு. ரேஸ் ஃபார் லைஃப் எல்லாப் புற்றுநோய்க்கும். இதன் யோசனை ஜிம் கோவன் என்பவருடையது, காரணம் அவருடைய தந்தைக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோய். ஆண்களுக்கு மட்டும் வரும் ஒரு நோயிலிருந்து பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டம் பிறந்தது. 1994-ல் லண்டன் பேட்டர்சி பார்க்கில் முதல் ஓட்டம், 680 பெண்கள். பெண்கள் மட்டும் ஓடும் சாலை ஓட்டம் அதற்கு முன்பே இருந்தது. 1972-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 70 பெண்கள் ஓடிய 'மினி மாரத்தான்' அந்த வகையில் முன்னோடி. அதில் 'மினி' என்பது மினி ஸ்கர்ட்டிலிருந்து வந்தது, ஸ்பான்சர் செய்தது பெண்கள் கால் ஷேவ் செய்யும் ஜெல். 1983-ல் டப்ளினில் ஏறக்குறைய 9,000 பெண்கள் ஓடினார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984-ல்தான். பெண்கள் ஓடலாமா என்ற கேள்வி அதுவரை உயிரோடு இருந்தது. பத்தே வருஷத்தில், வீட்டில் யாருக்கு வந்தாலும் பெண்கள் ஓடித் திரட்டட்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அப்பா சீக்கானாலும் ஆஸ்பத்திரியில் இரவு உட்காருவது மகள்தானே. அந்த ஏற்பாட்டின் நீட்சிதான் இது. குற்றம் சொல்வதானால் பிங்க் நிறத்தைவிட இதை முதலில் சொல்லலாம். பார்த்துக்கொள்கிற வேலையும் அழுகிற வேலையும் ஏற்கெனவே பெண்கள் பக்கம். இப்போது வசூல் வேலையும்.

சரி, என் தாளில் நான் என்ன எழுதினேன்?

என் பெரியம்மா 2003-ல் திருச்சியில் இறந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இந்த மூன்று சொற்களை எங்கள் வீட்டில் யாரும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 'வயித்துல கட்டி' என்பார்கள். அப்புறம் ஒருநாள், 'அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்று அம்மா போனில் தாழ்ந்த குரலில் சொன்னார். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு ஊர்ப் பெயரே நோயின் பெயராக இருக்கும், அந்த நோயின் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக. பெரியம்மாவின் மகளிடம், என் அக்காவிடம், இதைப் பற்றி நான் பேசியதே இல்லை. அவளும் பேசினதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் பெயரைக் கொண்டுபோய் ஆயிரம் பேர் நடுவில் முதுகில் மாட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? ராத்திரி முழுக்கத் தாள் மேஜைமேல் கிடந்தது. காலையில் 'பெரியம்மாவுக்காக' என்று தமிழில் எழுதினேன். பெயர் எழுதவில்லை. எல்லோருக்கும் காட்டியதாகவும் இருக்கும், யாருக்கும் சொல்லாததாகவும் இருக்கும் என்று ஒரு கணக்கு.

இரண்டாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து ஒரு குரல் அதை உரக்க வாசித்தது. ஐம்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துப் பேச்சு. "தங்கச்சி, பெரியம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்றார். வருத்தம் என்றால் நமக்குத் துக்கம், அவர்கள் வழக்கில் நோய். ஒரு வினாடி எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் சொன்னேன், மூன்று சொல்லையும் சேர்த்து, தமிழில், வாழ்க்கையில் முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். "எனக்கு அக்கா. நான் இங்கிலீசிலைதான் எழுதினனான், பிள்ளையள் வாசிக்கட்டும் எண்டு." கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். அவருக்கு முழங்கால் வலி, நின்றுவிட்டார். நான் முன்னால் போய்விட்டேன். அவர் அக்காவின் பெயர் அவர் முதுகில் இருந்திருக்கும். நான் முன்னால் நடந்ததால் வாசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் முதுகின் போட்டோவை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'ஃபேமிலி குரூப்ல போடாத'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'அந்த ஊசி பத்தி உனக்குத் தெரியுமா, பொண்ணுக்குப் போடலாமான்னு கேக்கறாங்க, விலை ஜாஸ்தியா இருக்கு'. போடு என்றேன். பெரியம்மா செத்து பதினாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்த நோயைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இதுதான். இதிலும் நோயின் பெயர் வரவில்லை.

இங்கே அந்தத் தாளின் இலக்கணத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. 'இவருக்காக ஓடுகிறேன்' என்பதில் 'காக' என்ன செய்கிறது? நம்ம ஊரில் ஒருவருக்காக உடம்பை வருத்துவது புதிதில்லை. மகனுக்கு உடம்பு தேறினால் பால்குடம் எடுக்கிறேன், பாதயாத்திரை வருகிறேன் என்பதில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. வருத்திக்கொள்வது நான், பலன் அவனுக்கு, கொடுப்பது சாமி. மூன்று பேரும் யார் யார் என்று தெரியும். முதுகுத் தாளில் பெயர் எழுதப்பட்டவர் பெரும்பாலும் உயிரோடு இல்லை. பலன் அவருக்குப் போகாது. அப்போ யாருக்குப் போகிறது?

பணத்தின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். கேன்சர் ரிசர்ச் யூகே 2002-ல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து உருவானது. அதில் ஒன்றான இம்பீரியல் கேன்சர் ரிசர்ச் ஃபண்டில் வேலை பார்த்த பால் நர்ஸும் டிம் ஹண்டும் 2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள். நர்ஸ் ஆராய்ந்தது ஒரு ஈஸ்ட். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து எடுத்த வகை அது. ஹண்ட் பார்த்தது கடல் முள்ளெலியின் முட்டை. ஒரு செல் எப்போது இரண்டாகப் பிரியவேண்டும் என்று எது முடிவு செய்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்தப் பிரிதல் கட்டுமீறிப் போவதுதான் புற்றுநோய், ஆகவே இதை அறியாமல் எதுவும் நடக்காது. ஆனால் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மாத்திரை வரைக்கும் பல பத்தாண்டுகள் ஆகும், இடையில் எத்தனையோ வழிகள் முட்டுச்சந்தில் முடியும். முதுகில் அம்மா, காசு போவது ஈஸ்ட்டுக்கு. ஒலிபெருக்கி இந்தத் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இன்று ஓடினால் நாளை ஜெயித்துவிடலாம் என்கிற மாதிரிதான் அதன் பேச்சு. அது எனக்குப் பொய்யாகப் படுகிறது. பிங்க் நிறத்தைவிட இது பெரிய பொய்.

பெரியம்மாவின் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைப் பிரிட்டனில் 2008 முதல் 12, 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடுகிறார்கள். அதன் பலனைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2021-ல் லான்செட் இதழில் வந்தது, பணம் கொடுத்தது கேன்சர் ரிசர்ச் யூகே. 1995 செப்டம்பருக்குப் பிறகு இங்கிலாந்தில் பிறந்து அந்த வயதில் ஊசிக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருக்கிறது என்றது ஆய்வு. அந்தப் பெண்களுக்குத் தங்களுக்கு என்ன வராமல் போனது என்று தெரியாது. யார் முதுகிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. நேர்த்திக்கடனைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான் கிடைக்கும். பெயர் தெரிந்தவருக்குப் பலன் இல்லை, பலன் பெறுகிறவருக்குப் பெயர் இல்லை. இடையில் சாமியும் இல்லை, ஈஸ்ட்தான்.

ஆகவே 'இவருக்காக' என்பதை நான் 'இவர் காரணமாக' என்றுதான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் தாள் பொய் சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டி இதே வாக்கியத்தைத்தான் முதுகில் சுமந்தார் என்று சொல்லலாம். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர், அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் விடாமல் வைத்திருந்து 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார். இந்திய மாதர் சங்கத்தின் பெண்கள் பின்னால் நின்று நடத்தியது அது. இன்றும் அதன் முழுப் பெயரில் அந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது. தங்கைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. என் பெரியம்மாவுக்குக் கடைசி ஆறு மாதம் வலி குறைந்தது.

போர்ப் பேச்சை எடுத்துவிட்டால் ஆட்கள் வருவார்களா, பணம் வருமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முப்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பெண்ணுக்கு ஒன்று வராமல் போவதற்காக இன்று ஐந்து கிலோமீட்டர் நடங்கள் என்று போஸ்டர் அடித்தால் யார் வருவார்கள்? ஆனால் அங்கே வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பது அவர்கள் முதுகிலேயே எழுதியிருக்கிறது. ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் வந்தவர்களாக அவர்கள் எழுதவில்லை. தோற்ற வீட்டிலிருந்து வந்தவர்கள்.

2019 முதல் ஆண்களும் ஓடலாம் என்று ஆக்கினார்கள். நோய் எல்லோருக்கும் வருகிறது, ஓட்டமும் எல்லோருக்கும் ஆகட்டும் என்பது காரணம். பெண்கள் மட்டும் இருந்தபோது கிடைத்த ஒரு சௌகரியம் போய்விட்டது என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். குண்டாக இருப்பதைப் பற்றி, கீமோவில் முடி கொட்டிய தலையைப் பற்றி, மெதுவாகப் போவதைப் பற்றி யோசிக்காமல் நடக்க ஓர் இடம் இருந்தது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அதேசமயம் வசூல் வேலை ஒரு பக்கமாகவே இருந்தது கொஞ்சமாவது நகர்ந்தது.

2023-ல் ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போனேன். ஆண்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். பலரும் ஓடினார்கள், நடக்கவில்லை. வேகமாகப் போகிற முதுகை வாசிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்து இருக்கிறது, கண்ணுக்குள் வருவதற்குள் போய்விடுகிறது. கடைசி வளைவில் ஒரு பெரியவர் மட்டும், எழுபதுக்கு மேல் இருக்கும், மகளோ மருமகளோ கையைப் பிடித்து அழைத்து வர, நின்று நின்று வந்தார். முதுகில் ஒரு பெண் பெயர், கீழே 1968 என்று ஒரு வருஷம், அதன் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. கல்யாணமான வருஷமாக இருக்கும். வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள், அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அந்தத் தாளை முழுசாக வாசிக்க எனக்கு நேரம் இருந்தது.